குடிநோயும் நம் கிராமங்களும்



ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தில் பங்குப் பதிவேடுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்பது பங்குத்தந்தையரின் வழக்கம். திருமுழுக்கு எத்தனை, திருமணம் எத்தனை, அடக்கம் எத்தனை என்று எழுதி ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கையை எழுதிவிட்டு ஏட்டை மூடிவிடுவதுதான் பல ஆண்டுகளாக நாம் செய்து வந்தது. ஒருமுறை இறந்தோர் பதிவேட்டில் வயதையும் காரணத்தையும் சேர்த்துப் படித்தோம். 38, 41, 45 என்று ஆண்களின் வயது. காரணம் என்ற இடத்தில் மஞ்சள் காமாலை, வயிற்று வலி, வலிப்பு, திடீர் மரணம். அந்த வீடுகளுக்கெல்லாம் நாம் போயிருக்கிறோம். உண்மையான காரணம் நமக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பதிவேட்டில் மட்டும் அந்தச் சொல் இல்லை. எழுதியது நம் கைதான். விதவையான அந்தச் சகோதரியின் மனம் நோகக் கூடாது என்றுதான் எழுதினோம். ஆனால் இப்படி மறைத்து மறைத்தே இந்த நோயை நம் கணக்கிலிருந்து நாம் நீக்கிவிட்டோம்.

பெரம்பலூர், அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிமெண்டும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் நினைவுக்கு வரும். 1995ஆம் ஆண்டு திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001ல் தனி மாவட்டமாகி, 2002ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007ல் மறுபடியும் தனியானது. (அந்த ஆண்டுகளில் சாதிச் சான்றிதழுக்கும் நிலப் பத்திரத்துக்கும் அலைந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.) மாவட்டத் தலைநகர் என்று பெயர் இருந்தாலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் நகராட்சியில் 49,648 பேர், அரியலூர் நகராட்சியில் 28,902 பேர். இரண்டு நகரங்களையும் சேர்த்தாலும் 80,000 இல்லை. ஆனால் இரு மாவட்டங்களின் மொத்த மக்கள்தொகை 13 லட்சத்துக்கும் மேல். பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 17 பேர்தான் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். அரியலூரில் 11 பேர். தமிழகம் முழுவதற்கும் இந்த எண் 48. 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய் 2027க்குக் குறிக்கப்பட்டிருப்பதால், முழுமையான கணக்கு என்று நம்மிடம் இருப்பது இதுதான்.

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் உண்டு. ஆயிரம் ஆண்களுக்குப் பெரம்பலூரில் 1,003 பெண்கள், அரியலூரில் 1,015 பெண்கள். ஆனால் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அரியலூரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள்தான். பிறக்கும்போது பெண் குறைவு, வளர்ந்தபின் ஆண் குறைவு! காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட ஆண்களின் எண்ணிக்கை, வீடு சந்திக்கப் போகும் எந்தப் பங்குத்தந்தைக்கும் தெரியும். ஊரில் தங்கிவிட்டவர்களில் பலருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் லாரியிலும் வயலிலும் வேலை. உடம்பு வலிக்கும் வேலை. மாலையில் கூலி கைக்கு வரும் வேலை. அந்தக் கூலியில் பாதி வீடு வந்து சேருவதில்லை என்பதை மகளிர் குழுக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு நம் காது பழகிவிட்டது.

தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) தமிழகத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மது அருந்துவதாகச் சொல்கிறது. குடிக்கும் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு மது ஒரு கட்டத்தில் விருப்பம் என்பது போய்த் தேவை ஆகிவிடுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019ல் வெளியிட்ட ஆய்வு, மதுவால் வரும் பாதிப்புக்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் 5 கோடிக்கும் மேல் என்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவது 180 பேரில் ஒருவர்தான். 38 என்ற எண்ணைப் படித்ததும் பெத்சதா குளத்தங்கரையில் 38 ஆண்டுகள் படுத்துக் கிடந்த மனிதர்தான் நம் நினைவுக்கு வந்தார். தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்று அவர் இயேசுவிடம் சொன்னார். குளம் இருந்தது. கூட்டிப்போக ஆள் இல்லை.

நம் பகுதியில் குளமே தூரத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குடிநோய்க்குச் சிகிச்சை என்றால் நீண்ட காலம் திருச்சி, தஞ்சாவூர், சென்னை என்றுதான் போக வேண்டியிருந்தது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022ல்தான் வந்தது. ஒரு கூலித் தொழிலாளி 30 நாள் வேலையை விட்டுவிட்டு வெளியூரில் தங்கினால் வீட்டில் அடுப்பு எரியாது. கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவியும் போய்விட்டால் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதபோது மக்கள் தங்களுக்கு அருகில் இருப்பதைத் தேடுகிறார்கள். அருகில் இருப்பது சாமியாரின் கயிறு, சுவரில் எழுதியிருக்கும் மருந்து, ஆலயத்தின் வாக்குறுதி.

இங்கே நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், தவக்காலத் தொடக்கத்தில் ஆண்களை அழைத்துக் குடிக்க மாட்டோம் என்று பீடத்தின் முன் உறுதிமொழி எடுக்க வைத்தோம். நல்ல கூட்டம். ஏறக்குறைய 45 வயதான ஒருவர் கண்ணீரோடு வந்து சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். இருபது ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர். சாம்பல் புதனன்று நிறுத்தினார். வெள்ளிக்கிழமை இரவு அவருடைய மனைவியும் அண்ணனும் ஓடி வந்தார்கள். "சாமி, அவருக்கு ஏதோ பேய் பிடிச்சிருக்கு, சுவத்துல பூச்சி ஊருதுன்னு அடிக்கிறாரு, உடம்பெல்லாம் உதறுது" என்றார்கள். நாம் புனித நீரையும் செபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். வேர்வையில் நனைந்து, நம்மை யாரென்று தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் செபித்தோம். அப்போது அங்கே வந்த, செவிலியராகப் பணியாற்றிய ஓர் அருட்சகோதரிதான், "சாமி, செபத்தை வண்டியில போகும்போது சொல்லலாம், முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று அதட்டினார். வழியில் ஒருமுறை வலிப்பு வந்தது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் காப்பாற்றுவது கடினம் என்று மருத்துவர் சொன்னபோது, பதிவேட்டில் 'வலிப்பு' என்று நாம் எழுதிய பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அன்று நாம் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் அது தினமும் உள்ளே போகும்போது, மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்து ஓட்டும் லாரி போல. திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? கடைசியாகக் குடித்து 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும். எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு அது உயிர் ஆபத்து. அதே நேரம், மருத்துவர் கண்காணிப்பில் தக்க மாத்திரைகளும் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் பாதுகாப்பாகத் தேறிவிடுகிறார்கள். எனவே காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் உள்ள ஒருவரைத் "தைரியமாக நிறுத்து" என்று சொல்வது நல்ல ஆலோசனை அல்ல. முதலில் மருத்துவர், பிறகு உறுதிமொழி.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது நாடே இந்தப் பாடத்தைப் பார்த்தது. மகிழ்ச்சி அடைந்த குடும்பங்கள் உண்டு. தானாக விட்டவர்களும் உண்டு. ஆனால் வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்து இறந்தவர்களின் செய்திகளும் தமிழகத்தில் வந்தன. கேரள அரசு மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க முயன்று, உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. யாரும் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டி யோசித்திருக்கவில்லை.

மதுவிலக்கைப் பற்றி நம் கருத்து என்ன என்று கேட்பீர்கள். கடைகள் குறைய வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டபின் அரசின் வருமானம் ஏறிக்கொண்டே போய், 2023-24ல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தப் பணத்தில் நம் கூலித் தொழிலாளிகளின் பங்கு எவ்வளவு என்று யாரும் தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகளை அகற்ற உச்சநீதிமன்றம் ஆணையிட்டு அது 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சாலையோரக் கடைகள் ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் நகர்ந்ததையும், தமிழகம் முழுவதும் பெண்கள் துடைப்பத்தோடு மறித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெண்கள் செய்தது சரி. கடை வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர் கூடுவார்கள். ஆனால் ஏற்கனவே நோயாளி ஆனவருக்குக் கடை மூடுவது மட்டும் மருந்தாகாது. 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. கடையில் வாங்கக் காசில்லாதவர்கள் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போனார்கள். கடையை மூடு என்று முழங்கும் நாம், சிகிச்சையைத் திற என்றும் கேட்டிருக்க வேண்டும்.

சுவர் விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று எழுதி கைபேசி எண் போட்டிருப்பதைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அவநம்பிக்கையில் இருக்கும் மனைவியோ தாயோ அதை வாங்கிச் சாம்பாரில் கலக்கிறார்கள். அப்படிக் கொடுக்கப்படும் பொடி என்னவென்றே பல நேரங்களில் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையாக இருந்தால், அதைச் சாப்பிட்டுவிட்டு மது அருந்தும்போது முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு முழுமையாக விளக்கி, அவருடைய சம்மதத்தோடு, மருத்துவர் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இன்று உண்டு. அவற்றை மறைத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு ஆபத்து, நகரங்களில் முளைத்திருக்கும் சில மறுவாழ்வு மையங்கள். ஆளை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் அடித்துக் கட்டிவைப்பது சிகிச்சை அல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே கருதுகிறது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மையத்தில் சேர்க்கும் முன் அரசின் உரிமத்தைக் காட்டும்படி கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

சட்டம் நோய் என்று சொல்வதை நாம் பாவம் என்று மட்டும் சொல்லலாமா? ஒப்புரவு அருட்சாதனத்தில் குடியை அறிக்கையிடுவோருக்கு நாமும் பல ஆண்டுகள் கடுமையான அறிவுரைதான் கொடுத்தோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில், வேரூன்றிய பழக்கமும் மனநலக் காரணங்களும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்று கற்பிக்கிறது. குடிநோயாளர் செய்வதெல்லாம் சரி என்பதல்ல இதன் பொருள். அடி வாங்கும் மனைவிக்கு அடி அடிதான். தேசிய குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி போதையில் இருக்கும் கணவரைக் கொண்ட பெண்களில் பத்தில் ஏழு பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அந்தச் சகோதரியிடம் "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்புவது மேய்ப்புப்பணி ஆகாது. அவருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, கணவருக்கு மருத்துவம் இரண்டும் ஒரே நேரத்தில் தேவை.

நோய்க்கு வேறு பெயர் எழுதிய வேறொருவரின் கதை நமக்கு ஆறுதல் தருகிறது. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற தோழமைக் குழுவைத் தொடங்கினார்கள். அன்று குடிநோயாளர்களை மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை. அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த அருட்சகோதரி இக்னேஷியா, 1939 ஆகஸ்டில் மருத்துவர் பாபின் நோயாளி ஒருவரை 'இரைப்பை அழற்சி' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். நாம் 'வயிற்று வலி' என்று எழுதியது இறந்தபின். அவர் எழுதியது பிழைக்க வைக்க! பின்னர் அங்கே இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. குணமாகி வீடு திரும்புகிறவருக்கு அவர் திரு இருதய அடையாளச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, மீண்டும் குடிக்கத் தோன்றினால் குடிக்கும் முன் இதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவாராம்.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நகரத்தில் மட்டும் காத்திருக்கவில்லை. 1989 முதல் குடவாசல் பக்கத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்துக்கே மருத்துவரும் ஆலோசகர்களும் போய் 15 நாள் முகாம் நடத்தினார்கள். இடம், உணவு ஆகியவற்றுக்கு ஊர் பொறுப்பேற்றது. மனைவியருக்கும் குடும்பத்தாருக்கும் தனி ஆலோசனை. முகாம் முடிந்தபின் தொடர் சந்திப்பு. இதில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: சிகிச்சையை ஊருக்குக் கொண்டுவர முடியும். நூற்றுக்கு 89 பேர் கிராமத்தில் வாழும் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி நமக்குத் தெரியவில்லை. பங்குக்குப் பங்கு சமூகக்கூடம் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி அது பூட்டியே கிடக்கிறது.

அப்படியானால் வேண்டுதலும் உறுதிமொழியும் வீணா? இல்லை. டப்ளின் நகரத் தொழிலாளியான வணக்கத்துக்குரிய மேட் டால்பட், 28 வயதில், 1884ல் குடியை விடுவதாக வாக்குறுதி எடுத்தார். முதலில் எடுத்தது மூன்று மாதத்துக்குத்தான். பிறகு நீட்டித்து, பிறகு வாழ்நாளுக்கும். 1925ல் இறக்கும்வரை குடிக்கவில்லை. நம் ஊரிலோ தவக்காலம் 40 நாளும், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கும் நாட்களும் குடிக்காமல் இருந்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறன்றே தொடங்கிவிடுகிறவர்களைப் பார்க்கிறோம். "நெனச்சா நிறுத்திடுவேன் சாமி" என்பதற்கு அந்த 40 நாளையே சாட்சியாகச் சொல்வார்கள். அந்த 41ஆம் நாளுக்கு நாம் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. மீண்டும் குடித்துவிட்டால் "சத்தியத்தை மீறினவன்" என்று ஒதுக்குகிறோம். அவரும் வெட்கப்பட்டு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். சர்க்கரை நோயாளி ஒருநாள் இனிப்புச் சாப்பிட்டுவிட்டால் மருத்துவரிடம் போகச் சொல்கிறோமே தவிர, ஊரைவிட்டுத் தள்ளுவதில்லை. அடிமை நோயும் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போல மீண்டும் தலைகாட்டக்கூடிய நாள்பட்ட நோய் என்று 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வல்லுநர்கள் எழுதினார்கள்.

நாம் சொன்ன அந்த மனிதர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் இரண்டு முறை மீண்டும் குடித்தார். இரண்டு முறையும் அவருடைய மனைவி பேயோட்ட அழைக்கவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இப்போது சில ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறார். நாளை எப்படி என்று கேட்டால், "இன்னைக்குக் குடிக்கல சாமி" என்று மட்டும் சொல்வார்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2025ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. பேசுவதற்கு 14416 என்ற டெலிமனஸ் எண் இரவு பகலாக இயங்குகிறது. போதை மீட்புக்கென்றே 14446 என்ற எண்ணும் உண்டு. இந்தத் தவக்காலத்தில் நம் பங்கில் உறுதிமொழி எடுப்பது சாம்பல் புதனன்று இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறு, திருப்பலிக்குப் பின், தினமும் குடிப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கப் பெயர் கொடுக்கலாம். பெயரை ஏட்டில் எழுத மாட்டோம், ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டோம். திங்களன்று காலை மருத்துவமனைக்குப் போக அன்பியங்களின் சார்பில் ஒரு வேன் நிற்கும். பேருந்துக்குக் காசில்லை என்ற காரணத்தால் யாரும் நின்றுவிட வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் உடன் வந்தால் நல்லது. யாரும் இல்லாதவர்களுடன் வின்சென்ட் தே பவுல் சபையினர் வருவார்கள். இடம் இருந்தால் நாமும் வருகிறோம்.